சோலைக்காட்டு மாஸ் மாதிரியைக் களத் திறவுகோல் கொண்டு இனங்காணுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழனி மலையிலும் நீலகிரியிலும் ஏறக்குறைய 1,700 மீட்டருக்கு மேல் உள்ள சோலைக்காடுகளில் மரப்பட்டை, பாறை, மண்சரிவு, விழுந்து மக்கும் கட்டை என எதைப் பார்த்தாலும் மாஸ் (பூக்காத, உண்மையான வேர் இல்லாத சிறு பச்சைத் தாவரம்) படர்ந்திருக்கும். அவற்றில் ஒன்றைக் கையில் எடுத்துப் பெயர் கண்டறிய விரும்பும் மாணவர்களும் இயற்கை ஆர்வலர்களும் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. இதன் இலக்கு பேரினம் வரை செல்வதுதான். சிற்றினத்துக்குச் செல்லும் வழியில் எங்கே நுண்ணோக்கி தேவைப்படும் என்பதும் அந்தந்த இடத்தில் சொல்லப்பட்டுள்ளது.

களத் திறவுகோல் எவ்வாறு செயல்படுகிறது?

திறவுகோல் என்பது எண்ணிடப்பட்ட இணைக் கூற்றுகளின் தொடர். ஒவ்வோர் எண்ணின் கீழும் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கூற்றுகள் இருக்கும். கையிலுள்ள மாதிரிக்கு எது பொருந்துகிறதோ அதன் முடிவில் உள்ள எண்ணுக்குச் செல்ல வேண்டும். இப்படியே சென்றால் இறுதியில் எண்ணுக்குப் பதிலாக ஒரு பெயர் நிற்கும்.

இரண்டு கூற்றுகளையும் முழுமையாகப் படித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். முதல் கூற்று ஓரளவு பொருந்துவதைக் கண்டதும் இரண்டாவதைப் படிக்காமல் அடுத்த எண்ணுக்குத் தாவுவதே தொடக்கநிலையினர் வழிதவறுவதற்கு முதன்மையான காரணம். "இலையின் மைய நரம்பு நுனியை எட்டும்" என்ற கூற்றின் பொருள், அதற்கு எதிரே "மைய நரம்பு இல்லை" என்று இருக்கிறதா, "மைய நரம்பு பாதியில் முடியும்" என்று இருக்கிறதா என்பதைப் பார்த்த பின்புதான் தெளிவாகும்.

கையில் இருப்பது மாஸ்தான் என்று எப்படி உறுதி செய்வது?

திறவுகோலைத் திறப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். மாஸ்களுக்கான திறவுகோல் கையிலிருப்பது மாஸ்தான் என்று எடுத்துக்கொண்டே தொடங்குகிறது. வேறொரு செடியைக் கொடுத்தாலும் அது ஏதோ ஒரு மாஸ் பெயரைத் தந்துவிடும்.

சோலையில் மரக்கிளைகளிலிருந்து சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் நூல் நூலாகத் தொங்கும் அஸ்னியா ஒரு லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிரி. அதன் இழையை இரு முனையிலும் பிடித்து மெதுவாக இழுத்தால் மேல்தோல் விட்டுப்போய், உள்ளே வெண்மையான, நீளக்கூடிய நடுத்தண்டு தெரியும். மாஸில் இது ஒருபோதும் இருக்காது. செலாஜினெல்லா செதில் போன்ற சிறிய இலைகளால் மாஸைப் போலத் தோன்றினாலும், அது நீர் கடத்தும் குழாய்த்திசு உடைய தாவரம். தண்டை ஒடித்தால் நடுவில் உறுதியான நார் தட்டுப்படும்.

கடினமானது, மாஸைப் போன்ற மற்றொரு சிறு தாவரக் குழுவான இலையுடைய லிவர்வொர்ட்டுகளைப் பிரித்தறிவது. அவற்றின் இலைகள் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்றாக இரு வரிசைகளில் அமைந்திருக்கும். தண்டின் கீழ்ப்புறத்தில் மூன்றாவது வரிசையாக மிகச் சிறிய இலைகளும் இருக்கலாம். பல பேரினங்களில் இலை இரண்டாகவோ அதற்கு மேற்பட்டோ பிளவுபட்டிருக்கும். மாஸ் இலையில் உள்ளது போன்ற மைய நரம்பு இருக்காது. காம்பும் அதன் நுனியில் உள்ள கேப்சூலும் (ஸ்போர் எனும் இனப்பெருக்க நுண்துகள்கள் உருவாகும் உறை) தென்பட்டால் ஐயமே வேண்டாம். லிவர்வொர்ட்டின் காம்பு கண்ணாடி போல ஒளி ஊடுருவுவதாக, சில நாள்களில் வாடிவிடுவதாக இருக்கும். அதன் கேப்சூல் பொதுவாக நான்காகப் பிளக்கும். மாஸின் காம்பு விறைப்பானது, மாதக்கணக்கில் நிற்கும். அதன் கேப்சூல் பெரும்பாலும் நுனியிலுள்ள மூடி விழுந்து திறக்கும்.

மாதிரி எடுக்க அனுமதி வேண்டுமா? எவ்வளவு எடுக்கலாம்?

ஆம், வேண்டும். நம் சோலைகளில் பெரும்பகுதி காப்புக்காடுகளிலோ, கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம், முக்குருத்தி தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலோ அமைந்துள்ளது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் உள்ளிருந்து எதையும் அனுமதியின்றி எடுத்துச் செல்வதைத் தடுக்கிறது. கைப்பிடி மாஸுக்கும் இது பொருந்தும். பழகுவதற்குத் தோட்டச் சுவர், சொந்த நிலத்திலுள்ள மரம், அனுமதி பெற்ற எஸ்டேட் ஆகியவையே போதும்.

அனுமதி இருந்தாலும் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் எடுக்கத் தேவையில்லை. திட்டின் நடுவிலிருந்து பிடுங்காமல் ஓரத்திலிருந்து கத்தி முனையால் நெம்பி எடுங்கள். அடித்தண்டும் சேர்ந்து வர வேண்டும். நுனிகளை மட்டும் கிள்ளி எடுத்த மாதிரியில், செடி நிமிர்ந்து வளர்ந்ததா படர்ந்து வளர்ந்ததா என்ற முதற்கேள்விக்கே விடை கிடைக்காது. சோலை மாஸ்கள் மெதுவாக வளர்பவை. உரித்த பட்டையில் அவை மீண்டும் மூட நீண்ட காலமாகும் என்பதால், இந்தக் கட்டுப்பாட்டைச் சட்டத்துக்காக மட்டும் கடைப்பிடிக்க வேண்டாம்.

என்னென்ன கருவிகள் தேவை?

10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ், முனை நுண்மையான இடுக்கி, சிறிய தண்ணீர்த் தெளிப்பான், செய்தித்தாளில் மடித்த உறைகள், பென்சில். 20 மடங்கு லென்ஸும் இருந்தால் நல்லது. ஆனால் அதன் பார்வைப்பரப்பு குறுகியது என்பதால் தொடக்கத்துக்கு 10 மடங்கே ஏற்றது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு மாதிரியை அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும். வெளிச்சம் மாதிரியின் மேல் விழுமாறு நின்றுகொள்ளுங்கள். பாலித்தீன் பையைத் தவிர்க்க வேண்டும். அதில் மாதிரி புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

காய்ந்த நிலையில் பார்ப்பதா, நனைத்துப் பார்ப்பதா?

இரண்டு நிலையிலும் பார்க்க வேண்டும், அதுவும் இந்த வரிசையில்: முதலில் காய்ந்த நிலை, பிறகு ஈர நிலை. திறவுகோல்கள் "காய்ந்தபோது இலைகள் தண்டோடு ஒட்டிக்கிடக்கும்", "காய்ந்தபோது சுருண்டு முறுகும்" போன்ற கூற்றுகளைத் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. மழைநாளில் எடுத்த மாதிரியை உடனே சோதித்தால் இக்கூற்றுகளுக்கு ஊகத்தால்தான் விடை சொல்ல நேரும். உறையைத் திறந்து நிழலில் ஓரிரவு வைத்தால் போதும், காய்ந்துவிடும்.

காய்ந்த கிளையை லென்ஸின் கீழ் வைத்துக்கொண்டு ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். முறுகிக் கிடந்த இலைகள் சில நொடிகளிலேயே நிமிர்ந்து விரிவதைக் காணலாம். எவ்வளவு விரைவாக விரிகின்றன, தண்டிலிருந்து எந்தக் கோணத்தில் விலகி நிற்கின்றன என்பவையும் குறித்துக்கொள்ளத் தக்க தகவல்களே. பல ஆண்டுகள் உறையில் கிடந்த மாதிரியும் நீர் பட்டதும் இதேபோல் பழைய வடிவத்துக்கு வரும். மாஸ்களை அழுத்திப் பாடம் செய்யத் தேவையில்லாததற்கு இதுவே காரணம்.

பயன்படுத்திப் பழக ஒரு சிறிய திறவுகோல் தர முடியுமா?

சோலையில் வெறுங்கண்ணாலும் கைலென்ஸாலும் பிடிபடும் சில பேரினங்களுக்கு மட்டும் கீழே உள்ளது பயன்படும். இது முழுமையானதன்று. "பெரிய திறவுகோலுக்கு" என்று முடியும் இடங்களில் பெயரைத் திணிக்காமல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

1. இலைகள் தண்டின் இருபுறமும் ஒரே தளத்தில் இரு வரிசையாக அமைந்தவை. ஒவ்வோர் இலையின் அடியும் இரு மடிப்புகளாகப் பிரிந்து தண்டையும் அடுத்த இலையின் அடியையும் தழுவும் — ஃபிஸ்ஸிடென்ஸ்
1. அவ்வாறு அமையாதவை — 2
2. செடி நிமிர்ந்தது, கிளைகள் இல்லை அல்லது மிகக் குறைவு. காம்பு தண்டின் நுனியில் — 3
2. செடி படர்ந்தது அல்லது தொங்குவது, மிகுதியாகக் கிளைத்தது. காம்பு தண்டின் அல்லது கிளையின் பக்கத்தில் — 6
3. இலைகள் தடித்தவை, வெண்பச்சை நிறத்தவை; காய்ந்தால் மேலும் வெளுக்கும் — லூகோபிரையம்
3. இலைகள் தெளிவான பச்சை அல்லது கரும்பச்சை — 4
4. இலையின் மேற்பரப்பில் நீளவாக்கில் மெல்லிய பச்சைத் தகடுகள் நெருக்கமாக நிற்கும். இளங்கேப்சூலை மேலிருந்து மூடும் தொப்பி அடர்ந்த மயிருடையது — 5
4. தகடுகள் இல்லை — 8
5. கேப்சூல் உருளை வடிவம், பக்க விளிம்புகள் அற்றது — போகோனாட்டம்
5. கேப்சூல் நான்கு முதல் ஆறு வரை கூரிய பக்க விளிம்புகள் உடையது — பாலிட்ரைக்கம்
6. செடி இரண்டு அல்லது மூன்று முறை சிறகுபோல் ஒழுங்காகக் கிளைத்துச் சிறிய பெரணி இலை போலத் தோன்றும் — துயிடியம்
6. கிளைப்பு அவ்வளவு ஒழுங்கானதன்று — 7
7. மரக்கிளைகளிலிருந்து நீண்டு தொங்குவது — மெட்டியோரியேசி குடும்பம்
7. தொங்காதது — பெரிய திறவுகோலுக்கு
8. பெரிய இலைகள் தண்டின் நுனியில் மட்டும் வட்டமாக விரிந்திருக்கும், கீழே செதில் இலைகளே உண்டு. செடிகள் தரைக்கடியில் ஓடும் தண்டுகளால் இணைந்தவை — ரோடோபிரையம்
8. அவ்வாறன்று — பெரிய திறவுகோலுக்கு

ஒரு மாதிரியை இதில் முழுமையாக நடத்திக் காட்ட முடியுமா?

சோலைத் தரையில் மக்கும் கட்டை ஒன்றின்மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கும் மஞ்சள் கலந்த பச்சை மாஸை எடுத்துக்கொள்வோம். ஒரு கிளையைப் பிரித்து வெள்ளைத்தாளில் வைத்தால் நடுத்தண்டின் இருபுறமும் கிளைகளும், அக்கிளைகளின் இருபுறமும் இன்னும் சிறிய கிளைகளும் ஒரே தளத்தில் தட்டையாக அமைந்திருக்கின்றன.

முதல் இணை. கிளைகள் ஒரே தளத்தில் இருப்பதைப் பார்த்து, இலைகள் இரு வரிசையில் உள்ளன என்று சொல்லிவிடத் தோன்றும். இங்கேதான் லென்ஸ் தேவை. கூற்று கேட்பது இலைகளைப் பற்றி, கிளைகளைப் பற்றி அன்று. கிளையைச் சுழற்றிப் பார்த்தால் இலைகள் தண்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதும், அவற்றின் அடியில் தழுவும் மடிப்பு ஏதும் இல்லாததும் தெரியும். ஆகவே 2. செடி படர்ந்தது, மிகுதியாகக் கிளைத்தது. காம்பு ஒன்று கிடைத்தால் அது முதன்மைத் தண்டின் பக்கத்திலிருந்து எழுந்திருக்கும். ஆகவே 6. சிறகுபோன்ற கிளைப்பு ஒழுங்காக இருமுறை நிகழ்ந்திருப்பதால் துயிடியம் என்ற பெயரில் வந்து நிற்கிறோம்.

வேலை இத்துடன் முடிவதில்லை. திறவுகோல் தந்த பெயரை, அது கேட்காத பண்புகளைக் கொண்டு சோதிக்க வேண்டும். துயிடியத்தின் முதன்மைத் தண்டில் உள்ள இலைகள் அகன்ற முக்கோண வடிவிலும், கிளைகளில் உள்ளவை அவற்றைவிடத் தெளிவாகச் சிறியதாகவும் வேறு வடிவிலும் இருக்கும். இந்த வேறுபாடு 10 மடங்கிலேயே தெரியும். முதன்மைத் தண்டில் இலைகளுக்கு இடையே 20 மடங்கில் பச்சைப் பஞ்சு ஒட்டினாற்போல் தெரிவது பாராஃபில்லியா எனப்படும் நுண்ணிய, கிளைத்த இழைகளின் கூட்டம். நனைந்த நிலையிலும் இலைகள் பளபளப்பின்றி மங்கலாக இருக்கும். இலைச் செல்களின் மேல் உள்ள நுண்முகடுகளே அதற்குக் காரணம். இம்மூன்றும் பொருந்தினால் துயிடியம் என்று துணிந்து எழுதலாம். எந்தத் துயிடியம் என்பதைச் சொல்ல, ஒவ்வொரு செல்லிலும் எத்தனை முகடுகள், கிளை இலையின் நுனிச் செல் எப்படி முடிகிறது என்று கூட்டு நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும்.

ஓர் இணையின் இரண்டு கூற்றுகளும் பொருந்தாவிட்டால், அல்லது இரண்டும் பொருந்தினால் என்ன செய்வது?

இரண்டு வழியிலும் சென்று பார்ப்பதுதான் முறை. ஒரு வழி சில எண்களுக்குள் அபத்தமான இடத்தில் கொண்டுபோய் விடும், மற்றது நிலைத்து நிற்கும்.

சோலை மரப்பட்டைகளில் பரவலாக வளரும் மேக்ரோமிட்ரியம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் முதன்மைத் தண்டு பட்டையோடு ஒட்டி ஊர்ந்து செல்லும். அதைப் பார்த்தால் மேலே உள்ள இரண்டாம் இணையில் "படர்ந்தது" என்ற பக்கம் செல்லத் தோன்றும். ஆனால் அத்தண்டிலிருந்து குட்டையான கிளைகள் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கின்றன, காம்பு அக்கிளைகளின் நுனியில்தான் எழுகிறது. ஒரே கூற்றில் இரண்டு பண்புகள் இணைந்திருக்க, அவற்றில் ஒன்று பொருந்தி மற்றது பொருந்தாதபோது, செடியின் தோற்றத்தைவிடக் காம்பு எங்கே பிறக்கிறது என்பதற்கே அதிக எடை கொடுங்கள். வளரும் நிலம் மாறினால் தோற்றம் மாறக்கூடும். காம்பு பிறக்கும் இடம் மாறாது. இந்தப் பேரினத்தைக் காய்ந்த நிலையில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்: பல சிற்றினங்களில் இலைகள் கிளையைச் சுற்றி முறுக்கிய கயிறு போல ஒரே திசையில் சுற்றிக் கிடக்கும். தொப்பியில் நீளவாக்கில் மடிப்புகள் உண்டு; மயிரும் இருக்கலாம்.

கேப்சூல் இல்லாத மாதிரியை இனங்காண முடியுமா?

பல பேரினங்களில் முடியும். ஃபிஸ்ஸிடென்ஸ், லூகோபிரையம், துயிடியம், ரோடோபிரையம் ஆகியவற்றுக்கு இலையும் கிளைப்புமே போதும். போகோனாட்டத்தையும் பாலிட்ரைக்கத்தையும் களத்தில் பிரிக்கக் கேப்சூல் வேண்டும். அது இல்லையென்றால் "பாலிட்ரைக்கேசி குடும்பம்" என்று எழுதி நிறுத்துவதே நேர்மையானது.

கேப்சூல் கிடைத்தால் அதை வீணாக்க வேண்டாம். இளங்கேப்சூலில் தொப்பியையும், முதிர்ந்ததில் மூடி விழுந்த வாயையும் பாருங்கள். வாயைச் சுற்றியுள்ள பற்களின் எண்ணிக்கையும் அமைப்பும் குடும்பத்தைக் கண்டறிய உதவும். பெரும்பாலான மாஸ்களில் அவை 16 அல்லது பதினாறு பதினாறாக இரு வட்டம். ஃபிஸ்ஸிடென்ஸில் 16 பற்களும் பெரும்பாலும் நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். போகோனாட்டத்தில் பொதுவாக 32, பாலிட்ரைக்கத்தில் பொதுவாக 64 குட்டையான பற்கள், அவற்றின் நுனிகளை இணைத்து வாயை மூடும் வெண்மையான மெல்லிய சவ்வோடு இருக்கும். ஸ்போர்கள் பற்களுக்கு இடையேயுள்ள சிறு துளைகள் வழியே சிதறும். இருவட்டப் பற்களுடைய பல மாஸ்களில், காய்ந்த கேப்சூலின் வாயை லென்ஸில் பார்த்தபடியே மெதுவாக மூச்சு விட்டால், வெளிநோக்கி வளைந்திருந்த பற்கள் ஈரம் பட்டு உள்நோக்கி மடங்கும். ஈரம் வற்றியதும் மீண்டும் விரியும். இந்த அசைவை ஒருமுறையேனும் கண்ணால் பார்த்துவிடுமாறு எல்லா மாணவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

பிரிட்டனுக்கோ ஐரோப்பாவுக்கோ எழுதப்பட்ட திறவுகோலை இங்கே பயன்படுத்தலாமா?

பண்புகளைப் பார்க்கப் பழகிக்கொள்ள உதவும், பெயர் சொல்ல உதவாது. திறவுகோல் தன் எல்லைக்குள் வளரும் செடிகளை மட்டுமே அறியும். மேக்ரோமிட்ரியமும் மெட்டியோரியேசி குடும்பமும் பிரிட்டனில் இல்லை. அந்நாட்டுத் திறவுகோலில் நம் மேக்ரோமிட்ரியத்தை நடத்தினால், யூலோட்டா போன்ற உறவுப் பேரினம் ஒன்றில் தயக்கமே இல்லாமல் கொண்டுபோய் நிறுத்தும். தவறு நேர்ந்ததற்கான எந்த அறிகுறியும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

படம் எடுத்துச் செயலியில் பதிவேற்றினால் போதாதா?

ரோடோபிரையம் போன்ற தனித்த தோற்றமுடையவற்றுக்குப் பேரினம் வரை சில நேரம் சரியாக வரலாம். மற்றவற்றைப் பிரிக்கும் பண்புகள் படத்தில் பதிவதே இல்லை. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் பதிவேற்றுவதாயின் திட்டின் முழுத்தோற்றம், காய்ந்த கிளை, ஈரக் கிளை, தனி இலை, கேப்சூல் ஆகியவற்றைத் தனித்தனிப் படங்களாக இடுங்கள்; பார்ப்பவர் எதையாவது சொல்ல வாய்ப்பிருக்கும்.

கிடைத்த பெயரை எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது?

முதலில் அந்தப் பகுதியின் பட்டியலோடு. பழனி மலையைப் பொறுத்தவரை, கொடைக்கானல் அருகேயுள்ள செண்பகனூரில் பணியாற்றிய பிரெஞ்சு ஜேசு சபைத் துறவி ஜி. ஃபோரோ தொகுத்த மாஸ் பட்டியல் 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியானது. தமிழகத்து மலையொன்றின் மாஸ்களை இவ்வளவு பொறுமையோடு ஒருவர் சேகரித்து எழுதியிருக்கிறார் என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. அதற்குப் பிறகு பல பெயர்கள் மாற்றப்பட்டுவிட்டன. எனவே பழைய பெயரைக் கண்டால் இன்றைய ஏற்கப்பட்ட பெயரோடு ஒத்துப்பார்க்க வேண்டும். பட்டியலில் ஒரு பெயர் இல்லை என்பதாலேயே உங்கள் முடிவு தவறு என்று ஆகிவிடாது. ஆனால் மீண்டும் முதல் எண்ணிலிருந்து தொடங்கிப் பார்க்க அது போதிய காரணம்.

அடுத்தது ஹெர்பேரிய (உலர்தாவரத் தொகுப்பு) மாதிரி. பெயரிடப்பட்ட மாதிரியின் அருகே உங்கள் மாதிரியை வைத்துப் பார்ப்பதற்கு ஈடான சோதனை வேறில்லை. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையமும், லக்னோவில் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனமும் ஹெர்பேரியங்களைப் பராமரிக்கின்றன. முன்கூட்டியே எழுதி, என்ன பார்க்க விரும்புகிறீர்கள் என்று தெரிவித்துவிட்டுச் செல்லுங்கள்.

உறையின் மேல் என்ன எழுத வேண்டும்?

இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், நாள், சேகரித்தவர் பெயர், சேகரிப்பு எண் ஆகியவை கட்டாயம். இவற்றைவிடவும் அடிக்கடி விடுபட்டுப்போவது, மாஸ் எதன்மேல் வளர்ந்தது என்பது. "மரத்தில்" என்று எழுதுவது போதாது. உயிருள்ள மரமா மக்கிய கட்டையா, அடிமரமா கிளையா, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில், நிழலா வெயிலா, ஓடை அருகிலா என்று எழுத வேண்டும். மரத்தின் பெயர் தெரிந்தால் அதையும் சேர்க்கலாம். திறவுகோலில் எந்தெந்த எண்கள் வழியாக வந்தீர்கள் என்பதையும் உறையின் பின்புறம் 1, 2, 6 என்று குறித்துவையுங்கள். பெயர் தவறென்று பின்னால் தெரியவந்தால், எந்த இணையில் வழி பிரிந்தது என்பதைக் கண்டுபிடிக்க அது ஒன்றே உதவும். பேரினம் வரைதான் உறுதி என்றால் பேரினத்தை மட்டும் எழுதி, சிற்றினத்துக்கு இடம் விட்டு, பென்சிலால் நாளிட்டு மூடுங்கள்.